மெக்னீசியமாகத்தான் இருக்கும்

ஜவ்வாது மலைக்கு மேலே வந்து கோகோபீட்டில் செடி வளர்த்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். மலை முழுக்க மண். நான் கீழே போளூரிலிருந்து அமுக்கிக் கட்டிய தேங்காய் நார்க் கட்டிகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஜமுனாமரத்தூரில் இறக்கும்போது கண்டக்டர், "மேல மண்ணு இல்லியா சார்?" என்றார். அவருக்கு யூடியூப் சேனல் கிடையாது என்பதால் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாரில் சத்து என்று பெரிதாக எதுவும் இல்லை. அது போதாதென்று, சரியாகக் கழுவாத நார் நாம் போடுகிற கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் தானே பிடித்து வைத்துக்கொண்டு, பதிலுக்குப் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளியே விடும். கழுவிப் போடச் சொல்லி பாக்கெட்டின் பின்பக்கம் அச்சடித்துத்தான் இருந்தார்கள். பின்பக்கம் படிக்கிற ஜாதியாக இருந்தால் நான் இந்தப் பத்தி எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

தக்காளியில் இலை மஞ்சளானது. இணையத்தில் தேடினேன். அருமையான ஒரு சார்ட் சிக்கியது. நைட்ரஜன் குறைந்தால் இப்படி, பொட்டாஷ் குறைந்தால் அப்படி என்று வரிசையாகப் பன்னிரண்டு இலைப் படங்கள். எல்லாம் ஏழு விரல் விரித்த, ஓரமெல்லாம் ரம்பப் பல் வைத்த அழகான இலை. ஏதோ வெளிநாட்டு குரோட்டன்ஸ் என்று நினைத்துக்கொண்டேன்.

போளூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் போட்டு லேமினேட் பண்ணச் சொன்னேன். கடைப் பையன் படத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். என் நரைத்த தலையை இன்னொரு தடவை பார்த்தான். "காசு மொதல்ல குடுத்துடுங்க சார்" என்றான்.

அது கஞ்சா இலை என்று எனக்குத் தெரிய வந்தது பிறகுதான். சார்ட்டில் அது வந்ததற்கு ஒரு நியாயமும் இருக்கிறது. கனடாவில் 2018 அக்டோபரிலிருந்து வீட்டுக்கு நாலு கஞ்சாச் செடி வைத்துக்கொள்ளச் சட்டமே அனுமதிக்கிறது. இருப்பதே நாலு செடி என்றால் ஒவ்வொரு இலைக்கும் உட்கார்ந்து போட்டோ பிடிக்க நேரம் கிடைக்கும். எந்தச் செடியாக இருந்தாலும் பசி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் முகத்தில் தெரியும் என்பதால் சார்ட்டில் தப்பு இல்லை. சார்ட்டுக்கு முன்னால் நின்றவனிடம்தான் கோளாறு.

சூத்திரம் ரொம்ப எளிது. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ், மெக்னீசியம் எல்லாம் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. வீட்டில் கஞ்சி குறைந்தால் பெரியவர்கள் பட்டினி கிடந்து பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி, பழைய இலை தன் சத்தைக் கொழுந்துக்குக் கொடுத்துவிட்டுத் தான் மஞ்சளாகும். அதனால் இவற்றில் பஞ்சம் வந்தால் அடியிலையில் தெரியும். இரும்பும் கால்சியமும் போரானும் போன இடத்தை விட்டு அசையாது. அதில் பஞ்சம் வந்தால் கொழுந்தில் தெரியும். ஆக, முதலில் பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, கோளாறு மேலேயா கீழேயா என்பதை.

நான் என்ன செய்வேன் என்றால், இலையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய் சார்ட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். அதற்குள் அது மேலிலையா கீழிலையா என்பது மறந்து போயிருக்கும்.

மஞ்சள் என்றால் நைட்ரஜன் என்று முடிவு கட்டி ஒரு பிடி யூரியா போட்டேன். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன். ஏக்கர் கணக்கில் வீச வேண்டியதைச் செடி நிற்கிற பைக்குள் போட்டால் என்ன ஆகும்? இலை ஓரம் கருகியது. ஓரம் கருகினால் சார்ட்டில் பொட்டாஷ் குறைவு என்று இருந்தது. பொட்டாஷ் போட்டேன். பொட்டாஷ் மிஞ்சினால் வேர் மெக்னீசியத்தை எடுக்க விடாது. நரம்பு பச்சையாகவும் இடையில் மஞ்சளாகவும் ஆனது. அதற்கு எப்சம் உப்பு. இப்படியாக சார்ட்டில் இருந்த வியாதிகளில் பாதியை ஒரே தக்காளிச் செடிக்கு வரவழைத்துவிட்டேன்.

அப்புறம் புள்ளி. பழுப்பு நிறத்தில், வட்டத்துக்குள் வட்டமாக. இது சத்துக்குறைவே இல்லை, இலைக்கருகல் பூஞ்சணம். ஆல்டர்னேரியா என்று பெயர். இரவெல்லாம் இலை ஈரமாகக் கிடந்தால் குஷியாகப் பரவும். நானோ தினமும் சாயங்காலம் பூவாளியால் செடியைத் தலை முழுகக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன்.

இதற்குப் போர்டோ கலவை நல்லது என்று படித்தேன். அதன் கதை எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது. பிரான்சில் போர்டோ பக்கம் ரோட்டோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறிக்காமல் இருக்க நீலமாக எதையோ பூசி வைத்திருந்தார்களாம். பூசிய கொடியில் மட்டும் நோய் இல்லை என்பதை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்து, சோதித்து, 1885-இல் உலகத்துக்குச் சொன்னார். திருட்டுப் பயத்தில் பிறந்த மருந்து. செய்முறையும் சுலபம்தான்: லிட்டருக்குப் பத்து கிராம் மயில்துத்தம், பத்து கிராம் சுட்ட சுண்ணாம்பு. தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும். இரும்புப் பாத்திரம் மட்டும் ஆகாது.

என்னிடம் இருந்தது இரும்பு வாளி. துத்தத்தைக் கரைத்துக் கொஞ்ச நேரத்தில் வாளியின் உள்பக்கம் செக்கச்செவேலென்று செம்பு படிந்துவிட்டது. செடிக்குப் போக வேண்டியதில் கணிசமான பங்கை வாளி வாங்கிக்கொண்டது. சித்தர்கள் இரும்பைத் தங்கமாக்கினார்கள் என்பார்கள். எனக்குச் செம்பு வரைக்கும்தான் வந்தது.

எலுமிச்சை கதை சுருக்கம். கொழுந்து வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது. இரும்புக் குறைவு. இந்த ஒன்றை மட்டும் சரியாகக் கண்டுபிடித்தேன் என்பதைப் பதிவு செய்து வைக்கிறேன். மண்ணில் இரும்புக்குப் பஞ்சம் வருவது அபூர்வம். தண்ணீரிலும் மண்ணிலும் காரம் ஏறிவிட்டால், இருக்கிற இரும்பை வேரால் எடுக்க முடியாமல் போகும், அவ்வளவுதான். நான் ஒரு டப்பா துருப்பிடித்த ஆணியை வேரைச் சுற்றிப் புதைத்தேன். அதில் ஒன்று சரியாகப் புதையவில்லை. அது என் காலில் ஏறி, நான் கட்டுப் போட்டுக்கொண்டு போய் டி.டி. ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். எலுமிச்சை இன்னும் வெளிறித்தான் நிற்கிறது.

இதே மலையில், காவலூரில், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் குறுக்களவுக் கண்ணாடி. எங்கேயோ கிடக்கிற நட்சத்திரத்தின் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்து, அதில் இரும்பு எவ்வளவு, கால்சியம் எவ்வளவு, மெக்னீசியம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார்களாம். எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தக்காளி இலை. கண்ணாடியும் போட்டிருக்கிறேன்.

புளிச்சக்கீரை விஷயம்தான் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. அது தானாகவே நன்றாக வந்தது, நான் வேப்பெண்ணெய் அடிக்கிற வரைக்கும். எண்ணெயும் சோப்பும் கலந்து உச்சி வெயிலில் அடித்தேன். மறுநாளே இலையெல்லாம் பொத்தல் பொத்தலாகக் கருகல். சார்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஆச்சரியம், இலை அச்சு அசலாகப் பொருந்தியது! நம் இலையும் படத்து இலையும் ஒன்றாகவே இருக்கிறதே என்று மகிழ்ந்துபோய், இரண்டையும் சேர்த்துப் பிடித்து போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். "நம்ம வீட்டுச் செடி. என்ன குறைன்னு யாராச்சும் சொல்லுங்க."

வேலூரில் வக்கீலாக இருக்கிற மச்சினன் அடுத்த நிமிஷமே கூப்பிட்டான். "மாமா, மொதல்ல அந்த போட்டோவ டெலீட் பண்ணுங்க." 1985-ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டம், பிரிவு 20, செடி வளர்த்தாலே பத்து வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம் என்று மூச்சு விடாமல் சொன்னான். நான் அது கீரை என்றேன். "எல்லா கிளையண்டும் அப்படித்தான் மாமா சொல்றாங்க" என்றான்.

அவன் மேல் தப்பில்லை. புளிச்சக்கீரையின் மேலிலை நிஜமாகவே கஞ்சா இலை மாதிரி விரல் விரிக்கும். தாவரவியல்காரர்களே அதற்கு ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ் என்று பெயர் வைத்துக் கோர்த்துவிட்டிருக்கிறார்கள். ஆனால் அடியிலை பெரும்பாலும் பிளவில்லாமல் அகலமாக இருக்கும், பூ செம்பருத்திச் சாயலில் இருக்கும், வாயில் போட்டால் புளிக்கும். இதையெல்லாம் நான் குரூப்பில் விளக்குவதற்குள் என் அண்ணி குரூப்பை விட்டு வெளியேறியிருந்தார்.

பக்கத்து நிலத்தில் சாமை போட்டிருக்கிற அக்கா ஒரு நாள் உள்ளே வந்தார். சுவரில் இருந்த சார்ட்டை வெகுநேரம் பார்த்தார். "இன்னா தம்பி, சாமி படம் மாட்ற எடத்துல இத்த மாட்டி வெச்சிகீற?" என்றார். பிறகு ஒரு பையில் விரலை விட்டு நாரைக் கொஞ்சம் எடுத்துப் பிழிந்தார். தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. அவர் சாமையும் அடைமழையில் மஞ்சளாகத்தான் நின்றது. "மழ வுட்டா பச்ச ஆயிடும்" என்று அவர் பாட்டுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார். ஆகிவிட்டது. நான் அதற்கும் ஒரு மருந்து யோசித்து வைத்திருந்தேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஊரில் எனக்குச் செடி டாக்டர் என்று ஒரு பேர் இருக்கிறது. சார்ட் வைத்திருப்பவன் நான் ஒருவன்தானே. போன வாரம் அக்காவின் பேரன் செல்போனில் ஒரு இலையைக் காட்டினான். "சார், இதுக்கு இன்னா கொற?"

பெரிதுபடுத்திப் பார்த்தேன். இந்தத் தடவை உஷாராக, "மேலிலையா, கீழிலையா?" என்று கேட்டேன். கீழிலை என்றான். இலை செக்கச்சிவந்திருந்தது. சிவப்போ ஊதாவோ என்றால் பாஸ்பரஸ் குறைவு. மனப்பாடமாகத் தெரியும். "மணிச்சத்து பத்தல தம்பி. சூப்பர் பாஸ்பேட் வாங்கிப் போடச் சொல்லு."

"ஸ்கூல் பாதாம் மரம் சார் அது. வருசா வருசம் செவந்துதான் கொட்டும்."

"சரி," என்றேன், "கொஞ்சமா போடச் சொல்லு."