பெரியம்மாவின் பெருங்கருணை

வாசலில் வேப்பிலை செருகிய வீட்டுக்குள் வெளியாள் நுழையக் கூடாது என்று அந்தக் காலத்தில் சொல்லிவைத்தவர்கள் ஈவிரக்கம் இல்லாதவர்களாக இருந்திருக்க வேண்டும். என் பெரியம்மாவுக்கு அந்தக் குறுகிய மனம் கிடையாது. என் மூத்த பையனுக்கு முத்துப் போட்டிருக்கிறது, பிறந்து இரண்டு வாரமே ஆன பெண் குழந்தையும் அதே வீட்டில்தான் இருக்கிறது என்று கேள்விப்பட்ட மறுநாளே விருதுநகரில் பஸ் ஏறிவிட்டார். வேப்பிலையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மறு கையில் மகள் வயிற்றுப் பேரன், ஐந்து வயது.

"எல்லாருக்கும் ஒரு தடவை வரத்தானே போகுது? இப்பவே வந்துட்டா கவலை விட்டுச்சு" என்றார். தன் பேரனை இவ்வளவு தாராளமாக இன்னொரு வீட்டு நோய்க்குத் தூக்கிக் கொடுக்கும் மனம் எத்தனை பேருக்கு வரும்?

அவர் வருவதற்கு முன்பு வீட்டில் ஒரு சுவாரஸ்யமும் இல்லை. டாக்டர் சொன்னபடி பையனைப் பின்கட்டு அறையில் என் அம்மாவோடு விட்டிருந்தோம். அம்மாவுக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போய்விட்டது. தொட்டால்தான் ஒட்டும் என்றில்லை, காற்றிலும் பரவும்; இதுவரை வராதவர்கள் ஒரே வீட்டில் பத்துப் பேர் இருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றிவிடும் என்றார் டாக்டர். கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை தங்கையைப் பார்க்க முடியாது என்றதும் பையன் அழுதான். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினோம். பெரியம்மாவால் இந்தக் கொடுமையைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? "கூடப் பொறந்தவளைப் பார்க்காம பிள்ளை ஏங்கிப் போயிருவான்டா" என்று அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு தொட்டில்வரை வந்துவிட்டார். என் அம்மா குறுக்கே விழுந்து மறித்திராவிட்டால் பாசம் அன்றைக்கே வென்றிருக்கும்.

டாக்டர் என் மனைவியிடம் கேட்டது ஒரே கேள்வி: உங்களுக்குச் சின்ன வயதில் அம்மை வந்திருக்கிறதா? தாய்க்கு வந்திருந்தால் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போயிருக்கும்; மாதம் நிறைந்து பிறந்த குழந்தைக்கு முதல் சில மாதங்கள் அது பெரிய காவல். தாய்க்கு வந்ததே இல்லை என்றால் குழந்தைக்கு அந்தக் காவல் இல்லை. எதிர்ப்புப் புரத ஊசி தேவைப்படலாம். அதையும் கூடுமானவரை 4 நாளைக்குள், தவறினால் 10 நாளைக்குள் போட்டாக வேண்டும். மாமியாரைக் கேட்டால், "இவளுக்கா, இவ அக்காளுக்கா" என்று யோசிக்கிறார். ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம்.

பெரியம்மா ரத்தம் கேட்கவில்லை. என் மனைவியின் நெற்றியைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, "இந்தா இருக்கே அம்மைத் தழும்பு" என்றார். அது சைக்கிளில் விழுந்த வடு என்று அவள் முனகினாள். விழுந்தவளுக்கு என்ன தெரியும்? மறுநாள் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று அறிக்கை வந்தபோது பெரியம்மா மாமியாரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஆய்வகம் அவரிடம் ஃபீஸ் கட்டிப் படித்துக்கொள்ளலாம்.

பத்தியத்தில்தான் அவருடைய ஞானம் முழுசாக வெளிப்பட்டது. ஆத்தா விளையாடுகிற வீட்டில் தாளிக்கக் கூடாது, காரம் கூடாது, கறிமீன் கூடவே கூடாது. ஆகவே பிள்ளை பெற்றவளுக்கு வைத்திருந்த பூண்டுக் குழம்பும் கருவாடும் நின்றன. சரி, அம்மைக்கு உகந்த இளநீர், மோர், நுங்கு? பச்சை உடம்புக்காரிக்குக் குளிர்ச்சி ஆகாது, பிள்ளைக்குச் சளி பிடிக்கும். ஆகவே அதுவும் நின்றது. சூடும் கூடாது, குளிர்ச்சியும் கூடாது என்று கழித்துக்கொண்டே போனதில் மிஞ்சியது உப்புப் போட்ட குழைந்த சோறும் வெந்நீரும். நாள் முழுக்கப் பால் கொடுக்கிறவளுக்கு வேறென்ன வேண்டும்? எந்த உணவியல் நிபுணரும் இரண்டு சாஸ்திரத்தையும் ஒரே தட்டில் இப்படிப் பரிமாறியதில்லை.

காய்ச்சலுக்கு எழுதிக் கொடுத்த பாராசிட்டமால் சிரப் சாமி அலமாரிக்குப் போய்விட்டது. மருந்து கொடுத்தால் ஆத்தா கோபித்துக்கொள்வாளாம். தன் முழங்கால் வலிக்கு மட்டும் பெரியம்மா வேளை தவறாமல் மாத்திரை போட்டுக்கொள்கிறார். முழங்காலில் இறங்குகிற ஆத்தா பொறுமைசாலி போலிருக்கிறது.

தடுப்பூசி பற்றியும் அவருக்குத் தெளிவான கருத்து உண்டு. பையனுக்கு ஒரு தவணை போட்டிருந்தோம். பொதுவாக 250 முதல் 500 கொப்புளம்வரை போடுகிற நோய், முப்பது சொச்சத்தோடு நின்றது. "ஊசி போட்டும் வந்துச்சுல்ல?" என்று ஒரே கேள்வியில் அந்த விஞ்ஞானத்தை முடித்துவைத்தார். ஜப்பானைச் சேர்ந்த மிச்சியாகி தகாஹாஷி என்ற மருத்துவர் 1960-களில் அமெரிக்காவில் ஆராய்ச்சியில் இருந்தபோது, அவருடைய சின்ன மகனைச் சின்னம்மை படுக்கையில் போட்டு உலுக்கியெடுத்தது. அந்தப் பாதிப்பில்தான் மனிதர் ஊர் திரும்பி உழைத்து 1974-இல் தடுப்பூசியைக் கொண்டுவந்தார். பாவம், வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று ஆறுதல் சொல்ல அவருக்கு ஒரு பெரியம்மா வாய்க்கவில்லை. இந்த ஊசியை இலவசப் பட்டியலில் சேர்க்காமலே இருக்கும் நம் அரசாங்கத்துக்கு மட்டும் யாரோ ஒரு பெரியம்மா இருக்கிறார் என்று நினைக்கிறேன்.

பையனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய கையோடு பெரியம்மா ஊருக்குக் கிளம்பினார். போகும்போதே முப்பதாம் நாள் தொட்டில் போடுவதற்கு நாள் குறித்துவிட்டார். தொற்றியவர்களுக்கு அம்மை வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும், பெரும்பாலும் இரண்டு வாரத்தை ஒட்டி. முத்துத் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே அது பரவவும் ஆரம்பித்துவிடும். பேரன் எங்கள் வீட்டுக்கு வந்து போனதற்கும் விசேஷத்துக்கும் நடுவே மிகச் சரியாக அந்த இடைவெளி. பஞ்சாங்கம் பார்த்தாலும் இப்படிப் பொருந்தாது. நிறைமாதமாக இருக்கும் என் தங்கையையும் அவரே போன் போட்டு அழைத்திருக்கிறார். தங்கைக்கு அம்மை வந்ததும் இல்லை, ஊசி போட்டதும் இல்லை. பிரசவத்துக்கு 5 நாள் முன்பிலிருந்து 2 நாள் பின்புவரை தாய்க்கு அம்மை போட்டால் கிருமி மட்டும் பிள்ளைக்குப் போகும், காவல் போய்ச் சேர நேரம் இருக்காது, உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னதைப் பெரியம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்தான்.

நேற்று ராத்திரி அவரே கூப்பிட்டார். "பேரனுக்குச் சாயங்காலத்திலிருந்து உடம்பு லேசாச் சுடுதுடா. வெயில்ல விளையாடினது, வேற ஒண்ணும் இல்லை. நாளன்னைக்குக் காலையில முதல் பஸ்ஸுக்கு வந்துருவோம். தங்கச்சிக்கு முன்வரிசையில நாற்காலி போட்டு வை, பேரனைப் பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டா அவளுக்கும் பையனாப் பொறக்கும்."