ஆயக்கட்டுக்கு வெளிய ஒரு சீட்டு

பனியன் நல்லாத்தான் இருக்குது கண்ணு. வெளிர் நீலம், நெஞ்சுல கரோலினான்னு பெரிய எழுத்து. விண்ணப்பம் போடறதுக்கு முந்தியே பனியன் வந்திருச்சு. அதுவும் கெட்டிக்காரத்தனந்தான், சீட்டுக் கெடைக்காட்டியும் பனியனைத் திருப்பிக் கேக்க மாட்டாங்க.

சேப்பல் ஹில்லுல இருக்கற அந்த நார்த் கரோலினா யுனிவர்சிட்டியில நூத்துக்கு 15-லிருந்து 20 பேருக்குள்ள சேத்துக்கறாங்க, அதுல நானும் ஒருத்தன் அப்பாருங்கற. அந்த நம்பர்ல தப்பில்லை. யாரோட நம்பருன்னு மட்டும் நீ கேக்காம விட்டுப்போட்ட. அங்க வர்ற விண்ணப்பத்துல முக்கால்வாசி வெளி மாநிலத்துப் புள்ளைங்களுது. எடமோ, மொத வருசத்துல நூத்துக்கு 18-க்கு மேல வெளியாளுக்குக் குடுக்கப்படாதுன்னு 1986-லயே அவங்க ஆட்சிக்குழு கோடு போட்டு வெச்சிருக்குது. நார்த் கரோலினாப் பையன் போட்டா நூத்துக்கு நாப்பதை ஒட்டிக் கெடைக்குது. நியூ ஜெர்சியில உக்காந்துக்கிட்டு நீ போட்டா எட்டு, இல்லாட்டி அதுக்கும் கீழ. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குலுக்குனா வர்றதுதான் நீ மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கற நம்பரு.

கோட்டைத் தாண்டுனா சும்மா விடறதும் இல்லை. ரெண்டு வருசம் தொடந்தாப்புல வெளியாளை அதிகமாச் சேத்துப்போட்டாங்கன்னு சேப்பல் ஹில்லுக்கே பத்து லட்சம் டாலர் பட்ஜெட்டுல வெட்டுனாங்க. கெட்டிக்காரப் புள்ளைங்களைச் சேத்ததுக்கு அபராதம்! கோவிச்சுக்காத சாமி, கீழ்பவானி வாய்க்கால் ஞாயந்தான் இதுவும். ஆயக்கட்டுக்காரன் வரி கட்டறான், அவன் வயல் நனைஞ்ச பொறகுதான் மத்தவன் மதகுப் பக்கம் போகோணும். நீ நல்ல வெள்ளாமைக்காரன்னு உனக்கு முன்னால தொறந்து உட்டுருவாங்களா? தன் மாநிலத்துச் சனத்துக்கு முடிஞ்ச மட்டும் செலவில்லாமப் படிப்புக் குடுக்கோணும்னு அவங்க அரசியல் சட்டத்துலயே எழுதியிருக்குது. அந்தச் சனத்துல நீ இல்லையே.

உன்ற அப்பன் சிரிக்கறான் பாரு. இவன் திருச்சி ஆர்.இ.சி.ல சேந்தப்போ பாதி எடம் தமிழ்நாட்டுக்குன்னு ஒதுக்கியிருந்துது. அந்தப் பாதிக்குள்ளதான் தொரை நொழைஞ்சாரு. இன்னைக்கு என்.ஐ.டி.ன்னு பேரு மாறியும் அந்தப் பாதி அப்படியேதான் இருக்குது. இவனைவிட ரெண்டு மார்க்கு கூட வாங்குன பீகார்ப் பையன் எவனாச்சும் வெளிய நின்னிருப்பான். அதுக்காக இவன் ஒரு நேரம் சோறு திங்காம இருந்து நான் பாக்கலை.

உன்ற ரூம்புச் செவுத்துல 23-ம் நம்பர் போட்டுக்கிட்டு ஒருத்தர் தாவறாரே, மைக்கேல் ஜோர்டான், அவரு பொறந்ததுதான் புரூக்ளின். வளந்தது நார்த் கரோலினா வில்மிங்டன்ல. உள்ளூர்க் கணக்கு! படிச்சது பூகோளம், அதைய நீ போஸ்டர்ல பாத்திருக்க மாட்ட. 1795-ல காலேஜைத் தொறந்தப்போ மொத மாணவன் ஹிண்டன் ஜேம்ஸும் வில்மிங்டன் பக்கந்தான். நடந்தே வந்து சேந்தான்னு கதை சொல்றாங்க. ரெண்டு வாரம் அந்தக் காலேஜுக்கு அவன் ஒருத்தன்தான் மாணவன். நீ விண்ணப்பம் போட்டிருக்க வேண்டியது அந்த வருசம்.

பணத்துக்கு வருவோம். உள்ளூர்ப் பையனுக்கு வருசம் 9,000 டாலர் சொச்சம் ஃபீஸு, உனக்கு 40,000-க்கு மேல. சோறும் ரூம்பும் தனி. வசதி இல்லைன்னு காட்டுனா வெளியாளுக்கும் கொறை வெக்காம உதவறாங்க, அதைச் சொல்லாம விட்டா எனக்குப் பாவம் சேரும். ஆனா ரெண்டு பேரும் கம்ப்யூட்டர் கம்பெனியில சம்பாரிக்கற ஊட்டுல எதைக் காட்டுவ? வாசல்ல நிக்கற மூணு காரையா?

மிச்சிகன்ல கதவு அகலம். பாதிக்குப் பாதி வெளியாளு, ஃபீஸு மட்டும் 60,000 டாலருக்கு மேல. வரவேற்பு ஏன் பலமா இருக்குதுன்னு இப்பப் புரியுமே. அலபாமா அப்படியில்லை, மார்க்கு நல்லா இருந்தா ஃபீஸைக் கொறைச்சுக் கூப்புடுது; அங்க பாதிக்கு மேல வெளியாளுதான். ஆனா அந்தப் பேரை எடுத்தாலே உன்ற அம்மா மூஞ்சியைச் சுளிக்கறா. பிரிட்ஜ்வாட்டர் கோயில்ல பிரசாதம் வாங்கற எடத்துல நாலு பேரு கேட்டா அலபாமான்னு எப்படிச் சொல்றதுங்கறா. பேருக்கு நாலு வருசத்துக்கு வட்டி கட்டறது நீதான், சொல்லிக்கறது அவ.

இன்னொண்ணு, காலேஜோட பேரு வேற, நீ கேக்கற படிப்போட கதவு வேற. இல்லினாய் அர்பானா-ஷாம்பெய்ன்ல மொத்தமாப் பாத்தா நூத்துக்கு நாப்பது பேரை ஒட்டி எடம். நீ கேக்கற கம்ப்யூட்டர் சயின்சுக்குப் பத்து பேரு கூடத் தேற மாட்டாங்க.

இங்கிருந்து கார்ல பதினஞ்சு நிமிசத்துல உன்ற மாநிலத்துக் காலேஜே இருக்குது, ரட்கர்ஸ். பாதிப் பேருக்கு மேல சேத்துக்கறாங்க, அதனால அது மட்டம்ங்கற. நெறையப் பேரைத் தொரத்தி உட்டாத்தான் நல்ல காலேஜா? அந்த மட்டமான காலேஜோட அடித்தளத்து லேப்புலதான் 1943-ல ஆல்பர்ட் ஷாட்ஸ்ங்கற மாணவன் உரம் போட்ட தோட்டத்து மண்ணுலயும் ஒரு கோழியோட தொண்டையிலயும் இருந்த கிருமியைப் புடிச்சு ஸ்ட்ரெப்டோமைசின் எடுத்தான். சயத்துல ரத்தம் ரத்தமாக் கக்கிக்கிட்டிருந்த என்ற சித்தப்பனை எழுப்பி உக்கார வெச்சது அந்த ஊசிதான். பங்கு வேணும்னு 1950-ல பையன் கோர்ட்டுக்குப் போனான். 1952-ல நோபல் பரிசு என்னமோ வாத்தியார் வாக்ஸ்மனுக்கு மட்டுந்தான் வந்துது. அங்கயும் நம்மூர் நடப்புதான்.

சேப்பல் ஹில்லுக்குப் போடு, நான் குறுக்க நிக்கலை. ரட்கர்ஸுக்கும் போடு. அதுக்கு முந்தி, ஒவ்வொரு காலேஜும் தன்ற வெப்சைட்டுல வெச்சாகோணும்னு சட்டமே இருக்கற அந்தக் கணக்கு, நெட் பிரைஸ் கால்குலேட்டரு, அதைத் தொற. குடும்ப வருமானம் எவ்வளவுன்னு கேக்கும். உன்ற அப்பனை இங்க வரச் சொல்லு, நானும் பக்கத்துல நாற்காலி போட்டுக்கறேன். இத்தன வருசமா நான் கேட்டும் இவன் சொல்லாத தொகை அது.