சிறுகோடும் கழித்தல் குறியும்

கேள்வி: கீபோர்டில் இருக்கும் சிறுகோட்டையே கழித்தல் குறியாகப் போட்டால் என்ன குடிமுழுகிப் போய்விடும்?

பதில்: குடி முழுகாது, அர்த்தம் முழுகிவிடும்! தட்டச்சுப் பொறியில் விசைகள் குறைவு. அதனால் இரண்டு வேலையும் ஒரே கோட்டின் தலையில் விழுந்தது. 1963-இல் வந்த ஆஸ்கி என்ற கணினி எழுத்துக் குறியீட்டுத் தரமும் அந்த ஒரே கோட்டைத்தான் ஏற்றது. யூனிகோடோ கழித்தலுக்கு 2212 என்ற தனிக் குறியெண்ணைத் தந்திருக்கிறது. ‘+ − -’ என்ற வரிசையைப் பாருங்கள்: பெரும்பாலான எழுத்துருக்களில் நடுவில் உள்ளது கூட்டல் குறியின் அகலத்தில், அதன் குறுக்குக் கோட்டின் உயரத்திலேயே நிற்கும், கடைசியில் உள்ளது குட்டையாகச் சற்றுக் கீழே இருக்கும். ‘நிரல்மொழிகள் சிறுகோட்டைத்தானே கேட்கின்றன?’ என்பீர்கள். உண்மை; நிரலில் அதையே எழுதுங்கள். ஆனால் பாடநூலைப் படிப்பவர் மனிதர். 5-10 என்பது ஐந்து முதல் பத்து வரையா, ஐந்தில் பத்து போகவா என்று மாணவர் ஏன் திகைக்க வேண்டும்? விடையையே தலைகீழாக்கும் குறிக்கு அதற்குரிய வடிவத்தைக் கொடுப்பதுதான் முறை.