மேசைக்கு ஏறும் டிவி

கம்ப்யூட்டருக்கு மானிட்டர் வாங்கக் கிளம்பி, கடைக்குள் நுழைந்ததும் டிவி பக்கம் சாய்ந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 24 அங்குல மானிட்டரின் விலைக்குக் கொஞ்சம் மேலே போட்டால் 32 அங்குல டிவி வந்துவிடுகிறது. ஸ்பீக்கரும் ரிமோட்டும் இலவச இணைப்பு. பின்பக்கம் பார்த்தால் இரண்டிலும் அதே எச்டிஎம்ஐ துளை. பிறகு எதற்கு மானிட்டர் என்று தோன்றத்தான் செய்யும். என் கட்சி வேறு. வருகிற படத்தை அழகுபடுத்திக் காட்டுவது டிவியின் தொழில். வந்ததை வந்தபடி காட்டுவது மானிட்டரின் தொழில். ஒன்று கல்யாணத் தரகர், மற்றது கணக்குப்பிள்ளை. தரகரிடம் பேரேட்டைக் கொடுத்தால் ஜாதகம் பொருந்தும், கூட்டல் பொருந்தாது.

முதலில் அந்த 32 அங்குலத்தையே விசாரிப்போம். அந்த அளவில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் 1366 × 768 புள்ளிகள் கொண்டவை. வகுத்துப் பார்த்தால் அங்குலத்துக்கு 49 புள்ளிதான் தேறும். 24 அங்குல ஃபுல் எச்டி மானிட்டரில் 92 தேறுகிறது. ஆகவே பெரிய திரையில் நிறையத் தெரியும் என்பது பிரமை. கொஞ்சம்தான் தெரிகிறது, அது பெரிதாகத் தெரிகிறது. பத்தடி தள்ளி சோபாவில் உட்கார்ந்தால் கண் இதை மன்னித்துவிடும். இரண்டடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்தான், அங்கே இருப்பது இரண்டு சுழி ‘ன’வா மூன்று சுழி ‘ண’வா என்று திரையை நோக்கிக் குனிவார்.

அடுத்தது அழகுக்கலை. படக்குழாய் காலத்தில் ஓரங்கள் கோணலாக வரும் என்பதால், படத்தைச் சற்று உப்பவைத்து விளிம்பைச் சட்டத்துக்குப் பின்னால் தள்ளினார்கள். குழாய் போய்விட்டது, பழக்கம் போகவில்லை; பல டிவிகளில் இன்றும் விளிம்பு வெட்டுப்படுகிறது. நடிகரின் காதோரம் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஸ்டார்ட் பட்டன் போனால் வேலை ஓடாது. அசைவை வழவழப்பாக்குவதற்காக டிவி இரண்டு படங்களுக்கு நடுவே தானே ஒன்றைக் கற்பனை செய்து செருகுகிறது. அதற்கு அடுத்த படம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை மவுஸ் அம்பும் காத்திருக்கும். நம் கண்ணுக்கு வெளிச்சத்தில் இருக்கும் கூர்மை நிறத்தில் கிடையாது. அதை நம்பி, ஒளிபரப்பில் நான்கு புள்ளிக்கு ஒரு நிறத் தகவல்தான் அனுப்புகிறார்கள். டிவி கம்ப்யூட்டர் படத்தையும் அதே சிக்கனத்தோடு நடத்தினால், கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து மழையில் நனைந்த போஸ்டராகிவிடும்.

ஆதியில் கம்ப்யூட்டர் டிவியில்தானே ஓடியது என்று கேட்பார்கள். உண்மைதான். 1982-இல் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம், கமடோர் 64 இரண்டையும் வீட்டு டிவியின் ஆன்டெனா துளையில்தான் செருகினார்கள். ஆனால் ஸ்பெக்ட்ரம் ஒரு வரிக்கு 32 எழுத்துதான் காட்டியது, கமடோர் 40. டிவியின் யோக்கியதை தெரிந்து அந்தக் கம்ப்யூட்டர்கள் அடக்கமாக நடந்துகொண்டன. தமிழ்நாட்டிலும் 2006-இல் ஓர் ஆட்சி 14 அங்குல கலர் டிவியை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. 2011-இல் அடுத்த ஆட்சி மாணவர்களுக்கு லேப்டாப் கொடுத்தது. இரண்டும் சேர்ந்த வீடுகளிலும் கூட்டணி அமையவில்லை. லேப்டாப்பின் கேபிளுக்கு அந்தப் படக்குழாய் டிவியில் இடமில்லை.

விளிம்பு வெட்டு, தாமதம், நிறச் சிக்கனம் ஆகியவற்றுக்கெல்லாம் செட்டிங்ஸ் இருக்கிறதே என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். இருக்கிறது. கேம் மோடு போட்டால் தாமதம் குறையும்; உள்ளீட்டுக்கு ‘பிசி’ என்று பெயர் வைத்தால் சில டிவிகள் முழு நிறத்தையும் காட்டும்; விளிம்பு வெட்டையும் நிறுத்தலாம். ஆனால் இவை ஒவ்வொன்றும் செய்வது என்ன? நாம் காசு கொடுத்து வாங்கிய ஒப்பனையை ஒவ்வொன்றாகக் கழுவுகின்றன. டிவி நல்ல மானிட்டராவது, டிவியாக இருப்பதை நிறுத்தும்போதுதான். என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

நியாயமாக ஒரு விலக்கும் சொல்ல வேண்டும். 43 அங்குல 4கே டிவியில் அங்குலத்துக்கு 102 புள்ளி, எழுத்து பிசிறாது. எச்டிஎம்ஐ 2.0 துளை இருந்தால் நொடிக்கு 60 படம் முழு நிறத்தோடு வரும், பழைய 1.4 என்றால் 4கேயில் 30-தான். மேசை ஆழமாக இருக்க வேண்டும், இல்லையேல் கழுத்து டென்னிஸ் பார்க்கும். ஓஎல்இடி வேண்டாம், நாள் முழுக்க அசையாமல் நிற்கும் டாஸ்க்பார் நாளடைவில் திரையிலேயே தழும்பாகிவிடலாம்.

எனவே கடைக்குப் போகும்போது லேப்டாப்பையும் கேபிளையும் கையோடு கொண்டுபோங்கள். கறுப்புப் பின்னணியில் சின்னச் சிவப்பு எழுத்தில் நாலு வரித் தமிழைத் திறந்து, இரண்டடி தள்ளி நின்று படியுங்கள். “அதெல்லாம் செட்டிங்ஸ்ல மாத்திக்கலாம் சார்” என்று விற்பனையாளர் சொன்னால், அங்கேயே மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் டிவியை வாங்குங்கள். காட்டாவிட்டால் 24 அங்குல மானிட்டரே போதும்.