குழலுக்கேற்ற தோட்டா

எங்கள் வீட்டில் இருப்பது 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி. பர்மிங்ஹாமில் செய்தது. 1930களில் தாத்தா மதராசுக்குப் போய், மவுண்ட் ரோட்டில் வாங்கி வந்தார். அந்தக் காலத்தில் கடிகாரத்துக்குப் பேர்போன பி. ஆர் அண்ட் சன்ஸ் கம்பெனியே அங்கே துப்பாக்கியும் விற்றது. போடிமலை அடிவாரத்தில் நிலம் வைத்திருந்தவர்கள் வீட்டில் துப்பாக்கி இருப்பது அன்று அதிசயம் இல்லை. எங்கள் வீட்டுத் துப்பாக்கியை மற்றவர்கள் தேடி வந்து பார்த்ததற்குக் காரணம், தோல் பெட்டிக்குள் கட்டை ஒன்றும் குழல் இரண்டு ஜோடியும் இருந்ததுதான். ஒரு ஜோடி 30 அங்குலம், இன்னொன்று 26 அங்குலம்.

இரண்டும் ஒரே கட்டையில் பூட்டுபவை. ஆனால் இரண்டின் வேலையும் வேறு. நீளக் குழலின் வாயருகே உள்துளை கொஞ்சம் ஒடுங்கியிருக்கும். அதுதான் சோக். தோட்டாவுக்குள் இருக்கும் சின்ன ஈயக் குண்டுகளான ரவை சிதறாமல் கூட்டமாக, தூரமாகப் போவதற்கு அது. குட்டைக் குழலில் ஒடுக்கம் இல்லை. அடி முதல் வாய் வரை ஒரே அளவு. கிட்டத்தில் சுடவும், ஒற்றைக் குண்டு போடவும் அது. இறுகிய சோக்கில் ஒற்றைக் குண்டைப் போடக்கூடாது என்பது எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். குண்டு வாயில் வந்து நெரியும். குழல் உப்பும், வெடிக்கவும் செய்யும்.

12 போர் என்ற கணக்கையும் அப்பாதான் சொல்லிக் கொடுத்தார். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக உருட்டினால், அதில் ஓர் உருண்டை நுழைகிற துளை 12 போர். மில்லிமீட்டரில் சுமார் பதினெட்டரை. 16 போர் அதைவிடச் சின்னது. எண் கூடக்கூடத் துளை குறையும்.

குழலின் குணத்தைத் தெரிந்துகொள்ள அப்பா ஒரு வழி வைத்திருந்தார். பழைய தினமணித் தாள்களைப் பசை போட்டு ஒட்டி, மூங்கில் சட்டத்தில் விரித்துக் கட்டுவார். பின்னால் கரட்டு மேடு. அந்தப் பக்கம் ஆளோ மாடோ போக வழியில்லாத இடம். நாற்பது கஜம் அளந்து நின்று ஒரே ஒரு தோட்டா சுடுவார். பிறகு ரவை நெருக்கமாக விழுந்த இடத்தை மையமாக வைத்து, நூலில் பென்சில் கட்டி 30 அங்குல வட்டம் போடுவார். வட்டத்துக்குள் விழுந்த ஓட்டைகளை எண்ணுவது என் வேலை. எண்ணிய ஓட்டையைப் பென்சிலால் சுழிக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்குத் தவறிவிடும். ஆறாம் நம்பர் ரவை ஓர் அவுன்சுக்கு 270. எங்கள் தோட்டாவில் இருந்தது ஓர் அவுன்சும் அதில் பதினாறில் ஒரு பங்கும். ஆக சுமார் 287 ரவை. முழு சோக் என்றால் நூற்றுக்கு எழுபது வட்டத்துக்குள் விழ வேண்டும், அதாவது இருநூறு. சோக் இல்லாத குழலில் நூற்றுக்கு நாற்பதுதான். அதே குழலில் வேறு கம்பெனித் தோட்டாவைப் போட்டால் எண்ணிக்கை மாறும். நாலாம் நம்பர் ரவை போட்டாலும் மாறும். எந்தத் தோட்டா எந்தக் குழலோடு ஒத்துப்போகிறது என்பதைக் கடைக்காரன் சொல்ல முடியாது, சுட்டுப் பார்த்த தாள்தான் சொல்லும். அந்தத் தாள்களைத் தேதியும் தோட்டா பெயரும் எழுதி மடித்துப் பெட்டி மூடியில் வைத்திருந்தார். இன்றும் இருக்கின்றன, கரையான் தின்றது போக.

தோட்டா வாங்குவதும் அன்று நிதானமான காரியம். ஈலி கம்பெனிச் சரக்கு சீமையிலிருந்து வந்துகொண்டிருந்தது. சிவப்பும் ஊதாவுமான காகிதக் கூடு, அடியில் பித்தளைத் தொப்பி. காட்டுக்கோழிக்கும் கவுதாரிக்கும் ஆறு, முயலுக்கு நாலு, பன்றிக்கு எஸ்.ஜி. அல்லது எல்.ஜி. எஸ்.ஜி. அவுன்சுக்கு எட்டே ரவை, எல்.ஜி. ஆறு. எட்டு ரவையை நம்பி அறுபது கஜத்தில் சுடுகிறவன் மிருகத்தைக் காயப்படுத்தி அனுப்புகிறவன் என்பார் அப்பா. முப்பது கஜத்துக்கு மேல் எஸ்.ஜி. சுட்டதே இல்லை. காயம்பட்ட பன்றியை இருட்டில் தேடிப் போய்த் தொடை கிழிபட்ட ஒருவரை ஊரே பார்த்திருந்தது.

காகிதக் கூட்டுக்கு ஐப்பசி மழை ஆகாது. ஈரம் இழுத்து உப்பிவிடும். குழலின் அடியில் தோட்டா உட்காரும் அறைக்குள் பாதி போய் நின்றுகொள்ளும். அதனால் ஒவ்வொரு தோட்டாவையும் பித்தளை வளையத்துக்குள் விட்டுப் பார்த்துத்தான் பைக்குள் போடுவது. வளையத்தில் சிக்கியதைத் தனியே எடுத்து வைத்துவிடுவார். அழுத்தித் திணிக்கிற பேச்சே கிடையாது. பிறகு சீமைச் சரக்கு குறைந்து, கிர்க்கி தொழிற்சாலையின் சக்திமான் தோட்டாக்கள் வந்தன. பிளாஸ்டிக் கூடு வந்ததும் வளையத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. நல்ல மாற்றம், அதில் எனக்கு வருத்தமில்லை.

குழலைச் சோதிக்கிற முறையை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். இப்போது அதைச் செய்து காட்ட ஆள் அருகிவிட்டது. கட்டையிலிருந்து கழற்றிய குழலை, அடிக்கொக்கியில் கயிறு கோத்துத் தொங்கவிட்டு, விரல் நகத்தால் சுண்ட வேண்டும். இரண்டு குழலையும் இணைக்கிற பட்டி உறுதியாக இருந்தால் கோயில் மணிபோல நீளமாக ஒலிக்கும். பற்றவைப்பு எங்காவது விட்டிருந்தால் ‘தட்’டென்று செத்துப்போகும். அடுத்து, ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக் குழலை நீட்டி உள்ளே பார்க்க வேண்டும். உட்சுவரில் தெரியும் நிழல் வளையங்கள் ஒழுங்காக இருந்தால் சரி. எங்காவது நெளிந்தால் அங்கே சொட்டை. கடைசியாக, குழலைப் பூட்டி, முன்கட்டையை எடுத்துவிட்டுக் குலுக்கிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் துப்பாக்கி ஆசாரியிடம் கொடுக்காமல் சுடக்கூடாது. சுட்ட அன்றே கொதிநீர் ஊற்றிக் கழுவி, துணி விட்டுத் துடைத்து, ரங்கூன் எண்ணெய் தடவ வேண்டும். அந்தக் காலத்துத் தோட்டாவின் அடியில் தீப்பற்ற வைக்கும் கேப்பில் இருந்த உப்பு ஒரே ராத்திரியில் குழலை அரித்துவிடும்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தது சரி. அன்று வேட்டை என்ற பெயரில் நடந்ததை நேரில் பார்த்தவன் நான். ஜீப்பில் லைட் கட்டிப் போய், முட்டைக்காலத்தில் கோழியைச் சுட்டு, மான்குட்டியோடு தாயைச் சுட்டு, அதைச் சாதனையாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். அப்பா அவர்களோடு போனதில்லை. ஆனாலும் சட்டம் வந்த பிறகு துப்பாக்கியை வேட்டைக்கு எடுத்ததே இல்லை. பயிர்க்காவலுக்கு என்று லைசென்ஸ் மட்டும் தொடர்ந்தது. நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் பன்றி இறங்கும்போது வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான். இன்று பன்றித் தொல்லை அன்றைவிடக் கூடியிருக்கிறது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. சுடுகிறவர் வனத்துறை ஆள்தான், விவசாயி அல்ல. அதுவும் சரியென்றே நினைக்கிறேன். கிட்டத்தட்ட ஐம்பது வருஷமாகக் குறிபார்த்துப் பழகாத கைகளில் எஸ்.ஜி. தோட்டாவைக் கொடுத்தால் பன்றியோடு பக்கத்துத் தோட்டக்காரனும் விழுவான்.

துப்பாக்கி நின்றுபோனாலும் காகிதம் நிற்கவில்லை. 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டத்தில் 2019இல் திருத்தம் வந்தது. ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருந்தது இரண்டாகக் குறைந்தது. லைசென்ஸ் காலம் மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாயிற்று. பரம்பரையாக வந்ததென்றாலும் இரண்டுக்கு மேல் கூடாது. லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டாலோ, எழுபது வயதாகிவிட்டாலோ, இருபத்தைந்து வருஷம் வைத்திருந்தாலோ வாரிசுக்கு விண்ணப்பிக்கலாம் என்று 2016ஆம் வருஷ விதிகள் சொல்கின்றன. அப்படித்தான் எங்கள் துப்பாக்கி என் பெயருக்கு வந்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஒருமுறை ரசீதில் ‘துப்பாக்கி 1’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். உபரிக் குழலையும் தனியே எழுதச் சொல்லி நின்றேன். சட்டத்தின் கண்ணில் ஆயுதத்தின் பாகமும் ஆயுதம்தான். அது காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவன் நான். எழுதிக் கொடுத்தார்கள். வாக்கு எண்ணிக்கை முடிந்து திரும்பி வாங்கியபோது நீளக் குழலின் வெளிப்புறம் முழுக்கச் செம்புள்ளி. ஈரச் சுவரோடு சாத்தி வைத்திருக்கிறார்கள். நம்பர் சரியாக இருக்கிறதா என்று எல்லா மேஜையிலும் பார்த்தார்கள். குழலுக்குள் ஒருவரும் பார்க்கவில்லை.

என் கவலை இந்த இடத்தில்தான். சென்ற வருஷம் அண்ணன் மகனைக் கூட்டிக்கொண்டு தோட்டா வாங்கப் போனேன். லைசென்சில் வருஷத்துக்கு எத்தனை, ஒரே சமயத்தில் கையில் எத்தனை என்றெல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறது. கடைக்காரரும் அதைப் பார்த்துப் பதிவு செய்தார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். 70 மில்லிமீட்டர். எங்கள் குழலின் அறை இரண்டரை அங்குலம், அதாவது 65.

“65 கொடுங்க,” என்றேன்.

“இதுதான் ஸ்டாக் இருக்கு சார். எல்லாரும் இதத்தான் வாங்கிட்டுப் போறாங்க. தாராளமா உள்ள போகும்.”

வெளியே வந்ததும் அண்ணன் மகன் கேட்டான்: “சித்தப்பா, உள்ள போகுதுன்னா அப்புறம் என்ன?”

“உள்ள போறதுதாம்ப்பா ஆபத்தே.”

தோட்டாவுக்கு எழுதுகிற நீளம், சுட்ட பிறகு வாய் விரிந்த கூட்டின் நீளம். சுடுவதற்கு முன்னால் வாய் மடிந்திருப்பதால் அது குட்டையாக இருக்கும். 65 அறைக்குள் 70 தோட்டா தடையில்லாமல் நுழையும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். விசையை அழுத்தும்போது மடிப்பு விரிய இடம் இல்லாமல், அறை முடிந்து துளை ஒடுங்குகிற இடத்தில் போய் அடைக்கும். ரவை அந்த இடுக்கில் பிதுங்கிப் போக வேண்டும்; அழுத்தம் ஏறும். ஒருமுறை தாங்கலாம், பலமுறையும் தாங்கலாம். தொண்ணூறு வருஷத்துக் குழல் எந்த முறை தாங்காது என்று யாரால் சொல்ல முடியும்? அடிப்பக்கத்தைக் கழற்றினால் பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் முத்திரை தெரிகிறது. அறை நீளம் இரண்டரை, ரவை ஒன்றே அரைக்கால் அவுன்சுக்குள், புகையற்ற நைட்ரோ மருந்துக்குச் சோதித்தது என்று பொறித்திருக்கிறார்கள். செய்தவன் எழுதி வைத்துவிட்டுப் போனதைப் படிக்கத்தான் ஆளில்லை.

பெரியப்பா வீட்டுத் துப்பாக்கி இன்னும் பழசு. குதிரை வைத்தது, குழல் முழுக்க அலையலையாக வரி ஓடும். இரும்பையும் எஃகையும் பட்டையாக முறுக்கிச் சுற்றிப் பற்றவைத்துச் செய்த டமாஸ்கஸ் குழல். பார்க்கக் கொள்ளை அழகு. கரிமருந்துக் காலத்தில் பிறந்தது அது. நைட்ரோ முத்திரை அதில் இல்லை. இன்றைய தோட்டா எதையும் அதில் போடக்கூடாது. அதை அந்த வீட்டில் சொன்னபோது நம்பவில்லை. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்து, ஒரு வெடி போடுவது அவர்கள் வழக்கம். முத்திரையைக் காட்டி, அப்பாவின் தாள்களையும் காட்டிய பிறகுதான் பொட்டோடு நிறுத்திக்கொண்டார்கள்.

குழலும் தோட்டாவும் பார்த்துப் பழகுகிற வழக்கம் முழுதாக அழிந்துவிடவில்லை. களிமண் தட்டு சுடுகிற டிராப், ஸ்கீட் விளையாட்டுக்காரர்களிடம் அது உயிரோடு இருக்கிறது. பிகானீர் மகாராஜா கர்ணி சிங் 1962இல் கெய்ரோ உலகப் போட்டியில் டிராப்பில் வெள்ளி வாங்கினார். ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் 2004 ஏதென்சில் டபுள் டிராப்பில் வெள்ளி வாங்கினார். புதுக்கோட்டைத் தொண்டைமான் வம்சத்துப் பிருத்விராஜ் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் சுட்டார். அவர்களுக்கு ரவை எடை 24 கிராமுக்கு மேல் கூடாது. சோக் தனித்துண்டாக வந்துவிட்டது. சாவியால் திருகிக் கழற்றி வேறொன்று மாட்டலாம். எங்கள் தாத்தா இரண்டாவது ஜோடிக் குழலுக்குக் கொடுத்த வேலையை இன்று கட்டைவிரல் அளவு வளையம் செய்கிறது. ஆனால் அவர்களும் தாளில் சுட்டு ரவையை எண்ணுகிறார்கள். அப்பா பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

தாத்தா காலத்துத் துப்பாக்கி உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அடுத்த தோட்டாப் பெட்டி வாங்குவதற்கு முன் குழலைக் கழற்றி அடிமுத்திரையைப் படியுங்கள். புரியாவிட்டால் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி ஆசாரியிடம் கொண்டுபோய் அறை நீளத்தை அளக்கச் சொல்லுங்கள். உபரிக் குழல் இருந்தால் அது லைசென்சில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பராமரிக்க வீட்டில் யாரும் இல்லையென்றால் சட்டப்படி ஒப்படைத்துவிடுங்கள். அளந்து பார்க்காத குழலில் மட்டும், பண்டிகைக்குக்கூட, ஒரு தோட்டா போடாதீர்கள்.