பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவர்

ஆற்றங்கரையையும் வாய்க்கால் மதகையும் தவிர மேடு என்று வேறொன்றைக் கண்டறியாத ஒரு காவேரிக்கரைக் கிராமத்தில் பிறந்து, மணிக்கு நாலணா வாடகைச் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு வளர்ந்தவனாகிய நான், என் அறுபத்துநான்காம் பிராயத்தில், கடல் கடந்து கலிபோர்னியாவுக்குப் போய், அங்கே ஒரு மலைச்சரிவில் மின்சார சைக்கிள் விடுவேன் என்று எந்த ஜோசியரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தட்சிணையைத் திருப்பிக் கேட்டிருப்பேன்.

என் புத்திரன் குடியிருக்கும் மாரின் பிரதேசம், சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டியதும் வருவது. அங்கே 2,500 அடிக்குச் சற்று மேற்பட்ட ஒரு மலை; அதன் திருநாமம் தமல்பையஸ். முதன்முதலில் அது காதில் விழுந்தபோது, யாரோ தமிழ்ப் பையன்கள் நமக்கு முன்னாலேயே வந்து பெயர் வைத்துவிட்டார்களாக்கும் என்று மார்தட்டிக்கொண்டேன். அந்த மண்ணின் பூர்வகுடிகளான மிவோக் மக்களின் பாஷையிலிருந்து வந்த சொல் அது என்று பையன் விளக்கியதும், தட்டிய மார்பை மெதுவாகத் தடவிக்கொண்டேன்.

மலையைச் சுற்றிலும் மண்பாதைகள் ஏராளம். மின்சார வண்டியை அனுமதிக்காதவையும் உண்டாகையால், அனுமதிக்கும் பாதையாக விசாரித்து அழைத்துப் போனான். வண்டி பார்வைக்கு எருமைக் கன்று போலிருந்தது. எடை 23 கிலோ. பெடலின் அச்சோரமாக மோட்டாரை ஒளித்து, சட்டத்தின் கீழ்க்குழாய்க்குள் பாட்டரியைச் செருகியிருக்கிறார்கள். முறுக்கியவுடன் ஓடுவதற்கு இது மோட்டார் சைக்கிள் அல்ல. நாம் மிதித்தால்தான் அதுவும் மிதிக்கும். நாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை அளந்து, அதற்குத் தக்கபடி தன் பலத்தையும் சேர்த்து, மணிக்கு 20 மைல் வேகத்தை எட்டியதும், சட்டத்துக்குக் கட்டுப்பட்டுக் கையை எடுத்துவிடும் சாதுப் பிராணி.

முதல் ஏற்றத்தில் பெடலை அழுத்தியதுமே, முதுகுக்குப் பின்னாலிருந்து யாரோ ஸீட்டைப் பிடித்துத் தள்ளுவதுபோல் இருந்தது. ஐம்பத்தைந்து வருஷங்களுக்கு முன் அதேபோல் ஸீட்டைப் பிடித்துக்கொண்டு, வேஷ்டியை மடித்துக் கட்டி, புழுதியில் ஓடி வந்தவர் என் அண்ணா. ஒரே வித்தியாசம்: அண்ணா, “நேரே பாருடா, கழுதை!” என்று வைதுகொண்டே வருவார்; மோட்டாருக்கு வாய் கிடையாது. ஆகையால், மேடேறுவது முழுக்க முழுக்கத் தன் தொடைகளின் வல்லமையே என்று மனுஷன் இரண்டே நிமிஷத்தில் நம்பிவிடுகிறான்.

உதவியைக் கூட்டவும் குறைக்கவும் கைப்பிடியில் பொத்தான்கள் உண்டு. கீழ்நிலை ஈகோ, மேல்நிலை டர்போ. “அப்பா, ஈகோவிலேயே வெச்சுக்கோங்க, இல்லாட்டா பாட்டரி பாதியிலே தீர்ந்துபோயிடும்” என்றான் பையன். சிக்கனத்தைச் சொல்லும் அந்தப் பதத்தையும் அகங்காரத்தைச் சொல்லும் பதத்தையும் நம் லிபி ஒன்றாகவே எழுதுகிறபடியால், நான் இரண்டாவது அர்த்தத்தைக் கைக்கொண்டேன் போலும். சாதாரண சைக்கிளில் வியர்த்து விறுவிறுக்க ஏறிக்கொண்டிருந்த ஒரு வாலிபனைக் கண்டதும் என் கட்டைவிரல் தானாகவே டர்போவை அழுத்திற்று. தபஸ்வி போல் முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு அவனைக் கடந்தேன். பின்னாலிருந்து, “மோட்டார்!” என்று ஒற்றைச் சொல் வந்தது.

அதற்குப் பதில் இருக்கிறது. மலைச் சைக்கிள் வித்தை பிறந்ததே அந்தப் பிரதேசத்தில்தான். ஜோ பிரீஸ், காரி ஃபிஷர், சார்லி கெல்லி முதலிய வாலிபர்கள், ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்கருகே, சுமார் 2 மைலில் 1,300 அடி இறங்கும் ஒரு பாதையில், ஓட்டை உடைசல் சைக்கிள்களை வைத்துக்கொண்டு 1976-இல் பந்தயம் விட ஆரம்பித்தார்கள். பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கும் பிரேக் சூடேறி, சக்கரக் குடத்திலுள்ள கிரீஸ் புகைந்து போய்விடும். புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததாலேயே அந்தப் பாதைக்கு ‘ரீபாக்’ என்று நாமகரணம். சரி, இந்த மகானுபாவர்கள் உச்சிக்குப் போனது எப்படி? பல சமயங்களில், சைக்கிளை லாரியில் ஏற்றிக்கொண்டு! ஸ்தாபகர்களுக்கு லாரி ஆகுமென்றால் எனக்கு ஒரு சிறிய மோட்டார் ஆகாதா? இந்த வாதம் எனக்கு உதித்தபோது, கேட்க வேண்டியவன் அரை மைல் பின்னால் இருந்தான்.

இறக்கத்துக்கு மோட்டார் உதவாது. ஸீட்டைத் தாழ்த்தி, பெடல்களைச் சமமாக நிறுத்தி, அவற்றின்மேல் எழுந்து நின்று, இடுப்பைப் பின்னே தள்ளிக்கொள்ள வேண்டும். “கல்லைப் பார்க்காதீங்கப்பா, வழியைப் பாருங்க, பார்க்கிற இடத்துக்குத்தான் வண்டி போகும். அப்புறம், மூணு மூணு இலையா இருக்கிற செடி மேலே பட்டுடாதீங்க, அரிச்சுப் பிடுங்கிடும்” என்று உபதேசம் ஆயிற்று. பாய்ஸன் ஓக் என்பது அந்தச் செடி. ஆனால் மூன்றிலை என்றதும் வில்வதளத்தை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் வம்சத்தில் வந்தவன் நான். இரண்டாவது வளைவில் அது பளபளவென்று நின்றது. பார்த்தேன். வண்டியும் பார்த்தது. சிவபெருமானுக்கு வில்வத்தால் அர்ச்சனை செய்வார்கள். இங்கே வில்வத்துக்கு நான் அர்ச்சனையானேன்.

காருக்கு முந்தைய கடைசி மேட்டில் பாட்டரி கைவிட்டது. தீரப்போவதைச் சின்னத் திரை முன்பே சொல்லிக்கொண்டிருந்ததாம். நான்தான் வில்வ தரிசனத்தில் இருந்தேனே! அன்று அண்ணாவும் வாய்க்கால் மதகு ஏற்றத்தில் இப்படித்தான் சொல்லாமல் கையை எடுத்துவிட்டார். இருபது கஜம் தனியாகவே போய், திரும்பிப் பார்த்து, அவர் தூரத்தில் நிற்பதைக் கண்ட பிறகுதான் விழுந்தேன். எருமையைத் தள்ளிக்கொண்டு நடக்கையில் அதே வாலிபன் மிதித்து வந்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல், மரியாதையாகக் கையசைத்துவிட்டுப் போனான்.

இரண்டு நாள் கழித்து, தடித்துச் சிவந்த கைகளோடு அண்ணாவுக்கு டெலிபோன் செய்து, மலை, மோட்டார், வில்வம் எல்லாவற்றையும் விஸ்தாரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மறுபடியும் திரும்பிப் பார்த்தியாடா?” என்றார்.