புது முடிச்சாளர்

சியோல் நகரத்தின் புக்சோன் சந்துகளில், சனிக்கிழமை காலையில், தோளில் புதுப் பையும் கண்ணில் புது வெறியுமாக ஒருவர் விரைந்தால் வழிவிட்டுவிடுங்கள். அவர் 'மேதுப்' கற்கப் போகிறார். கொரிய மரபு அலங்கார முடிச்சுக் கலைக்கு அதுதான் பெயர். போன மாதம் மட்பாண்டம், அதற்கு முந்தின மாதம் மெழுகுவத்தி. 'ஒருநாள் வகுப்பு' என்று பலகை மாட்டிய எந்த வாசலையும் இவர் மிதிக்காமல் விட்டதில்லை.

வகுப்புக்கு முன்பே கடைக்குப் போய்விடுவார். ஆசிரியை கொண்டுவரச் சொன்னது ஒரே நிறக் கயிறு. தோங்டேமுன் சந்தையில் இவர் வாங்கியதைப் பார்த்தால் வானவில் வெட்கப்படும். குத்தூசி, இடுக்கி, குண்டூசி எல்லாம் வந்து இறங்கிவிடும். பொறுமைதான் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

கலையின் பெருமையைக் கேட்காமலே சொல்வார். "1968-லேயே அரசாங்கம் இதை முக்கியப் பண்பாட்டு மரபாக அறிவிச்சிருக்கு, 22-ஆம் எண்! அந்தக் காலத்துல பட்டு நூலுக்குச் சாயம் ஏத்தி, முறுக்கி, கயிறாப் பின்னி, அப்புறம்தான் முடிச்சே போடுவாங்க. அரண்மனைப் பல்லக்குலயும் தொங்குச்சு, விசிறியிலயும் தொங்குச்சு!" எல்லாம் உண்மைதான். இவர் போட்ட முடிச்சு எங்கே தொங்குகிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

கயிற்றை நடுவில் மடித்து, இரண்டு முனைகளையும் கொண்டு 'தொரே' என்னும் எளிய முடிச்சில் பாடம் தொடங்கும். "இடது முனை மேலே" என்பார் ஆசிரியை. யாருடைய இடது என்பதில் நம்மவருக்குப் பாதி வகுப்பு கழியும். மீதிப் பாதியில் பட்டியலைப் புரட்டுவார்: தாமரை மொட்டு, செவ்வந்தி, பட்டாம்பூச்சி, தும்பி. அடிப்படை எதற்கு? நேரே தும்பிதான்!

"இது என்னங்க?" என்று ஆசிரியை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்பார்.

"தும்பிதான், டீச்சர். தூங்குது."

பின்னுவது சீக்கிரம் முடிந்துவிடும். இறுக்குவதில்தான் கலையே இருக்கிறது. குத்தூசியால் ஒவ்வொரு வளையமாக நெம்பி, நடுவிலிருந்து தளர்ச்சியை முனைவரை கடத்த வேண்டும். வளையங்கள் ஒரே அளவில் நிற்க வேண்டும். இடமும் வலமும் ஒத்துப்போக வேண்டும். நம்மவரோ இரு முனைகளையும் பிடித்து ஒரே இழுப்பு. முடிச்சு கூழாங்கல்லாகிவிடும். அலுவலகத்தில் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் அன்றாடம் முடிச்சுப் போடுகிறவர், ஒரு கயிற்றின் இரண்டு முனைகளிடம் தோற்றுப்போவார்.

ஆசை மட்டும் குறையாது. கொரிய மரபு உடையான ஹன்போக்கின் சட்டை நாடாவில் தொங்கும் 'நோரிகே' பதக்கத்தைத் தாமே கட்டி, ஹன்போக்கோடு கியொங்பொக்குங் அரண்மனைக்குப் போக வேண்டும். ஹன்போக் அணிந்தவர்க்கு அங்கே நுழைவு இலவசம். கயிற்றுக்குக் கொட்டிய பணத்தில் குடும்பமே பலமுறை டிக்கெட் எடுத்திருக்கலாம் என்பது வேறு கணக்கு. நோரிகேயின் குஞ்சங்களில் ஆக்டோபஸ் கால் என்றே ஒரு வகை உண்டு. அதை இவர் தனியாகக் கற்க வேண்டியதில்லை. எதைக் கட்டினாலும் அதுதான் வரும்.

பெரும்பாலோர் அடுத்த மாதம் தோல் வேலை வகுப்புக்குப் போய்விடுவார்கள். ஒன்றிரண்டு பேர் மட்டும், யாரும் சொல்லாமலே, கோணலான முடிச்சைப் பிரித்து மறுபடி தொடங்குவார்கள். அவிழ்க்கச் சலிக்காதவருக்கே இந்தக் கலை படியும்.

இந்த முடிச்சுகளுக்கு முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது மரபு. ஆகவே, நம்மவர் ஆசையோடு ஒரு முடிச்சைப் பரிசளித்தால், நட்பு நிலைக்க விரும்புகிறவர்கள் அதைத் திருப்பிப் பார்க்காதீர்கள்.